கத்திரி வெயிலில் காருக்குள் டிடெக்டர்: எதை விட்டுச் செல்லலாம், எதைக் கையோடு எடுக்க வேண்டும்

கடலூர் சில்வர் பீச்சில் குளிக்க இறங்கியவரின் மோதிரம் அலையில் நழுவிவிட்டால், தேடிப் போகிறவருக்கு அதிக நேரம் கிடைப்பதில்லை. ஒவ்வோர் அலையும் மேலே மணலைப் போட்டு மூடிக்கொண்டே போகும். மாசி மகம், ஆடி அமாவாசை போன்ற நாட்களில் தேவனாம்பட்டினத்தில் கூட்டம் முழுக்குப் போடும்போது தாலிச் சரடு அறுந்து விழுவதும் உண்டு. அழைப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கடற்கரையில் மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்கள் கருவியைக் காரிலேயே போட்டு வைக்க விரும்புகிறார்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் சித்திரை பிறந்தால் கார் வேறு இடமாகிவிடுகிறது.

திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருக்கிறேன். செம்புக் கம்பி, வார்னிஷ், எபாக்சி என்ற இறுகும் பிசின் ஆகியவை சூட்டில் என்ன ஆகின்றன என்பதைப் பார்ப்பதே என் பிழைப்பு. டிடெக்டரும் அடிப்படையில் காயில் வேலைதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவியை ஒரே பொருளாக நினைத்து "வைக்கலாமா, கூடாதா" என்று கேட்க வேண்டாம். அதைப் பிரித்துப் பாருங்கள். தண்டு காரில் இருக்கலாம். தண்டின் அடியில் மாட்டும் தேடும் தட்டு, அதாவது காயில், சில நிபந்தனைகளோடு இருக்கலாம். பேட்டரியும் திரையும் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி உங்களோடு இறங்கி வர வேண்டும்.

எவ்வளவு சூடு என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மே மாதத்தில் கடற்காற்று நண்பகலுக்கு முன்பே உள்ளே வந்துவிட்டால் கடலூர் தப்பிக்கும். காற்று தாமதமானால் வெளியே 40 டிகிரியைத் தொட்டுவிடும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. கடும் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களின் உட்காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸுக்கும், டேஷ்போர்டு 69 டிகிரிக்கும் போயின. அதே நேரம் நிழலில் நின்ற கார்களில் உட்காற்று 38, டேஷ்போர்டு 48. நிழல் என்பது பேட்டரிக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை இந்த எண்களிலேயே பார்க்கலாம். கண்ணாடியை விரல் அளவு இறக்கி விட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 2005-இல் ஸ்டான்போர்டைச் சேர்ந்தவர்கள் அளந்து பார்த்தபோது அதனால் பெரிய பயன் இல்லை என்றே தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் ஏறும் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடுகிறது. ஆகவே "சாப்பிட்டுவிட்டு உடனே வந்துவிடுவேன்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

நிழலைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூரிலும் புதுச்சேரியிலும் வேரோடு சாய்த்த மரங்கள் ஏராளம். இருக்கிற மரத்தடியை ஆட்டோக்களும் இளநீர் வண்டிகளும் காலையிலேயே பிடித்துக்கொள்கின்றன. அது அவர்கள் பிழைப்பு. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் சுவர் நிழல். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நம் ஊரில் உச்சிவெயில் தலைக்கு மேலே சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். எனவே நண்பகலில் கட்டடத்தின் வடபுறம் நிறுத்தினால் நிழலே விழாது. மதியத்துக்கு மேல் மாலை வரை காரை விட வேண்டுமென்றால் உயரமான கட்டடத்தின் கிழக்குப் பக்கம் நிறுத்துங்கள். புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்குச் செங்குத்தாக ஓடும் தெருக்கள் கிழக்கு மேற்காக இருப்பதால், அங்கே நிழல் நம்ப முடியாதது. அந்தத் தெருக்களை வெட்டிக்கொண்டு வடக்கு தெற்காகப் போகும் தெருவில், மேற்குச் சிறகை ஒட்டி நிறுத்தினால் பிற்பகல் முழுவதும் கட்டட நிழல் கிடைக்கும்.

இனி பேட்டரி. இப்போது வருகிற டிடெக்டர்கள் பலவற்றில் லித்தியம் அயனி பேட்டரி உள்ளேயே இருக்கிறது. அதற்குச் சூடு கெடுதல். முழு சார்ஜோடு சூடு இரட்டைக் கெடுதல். 40 டிகிரியில் ஓராண்டு முழு சார்ஜுடன் கிடந்தால், கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திரும்பி வராமல் போய்விடும். அதே 40 டிகிரியில் 40 சதவீத சார்ஜுடன் கிடந்தால் இழப்பு 15 சதவீதம் அளவில் நிற்கும். "எப்போதும் தயாராக இருக்கட்டும்" என்று நூறு சதவீதம் ஏற்றி டிக்கியில் வைப்பவர், கருவியைப் பயன்படுத்தாமலேயே தேய்த்துக்கொண்டிருக்கிறார். கோடையில் பாதி சார்ஜில் வையுங்கள். பாதி சார்ஜ் இருந்தாலே ஒரு மோதிரத்தைத் தேடும் நேரத்துக்குத் தாராளமாகப் போதும். முழு நாள் தேடல் என்று முன்பே தெரிந்தால் முதல் நாள் இரவு வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

சார்ஜ் போடும் இடமும் முக்கியம். லித்தியம் அயனி பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொது விதி. வெயிலில் நின்ற காரில் ஏறி, ஏசி போட்டவுடன் கருவியையும் சார்ஜரில் மாட்டுவது பலருடைய பழக்கம். ஏசியின் குளிர் நம் முகத்துக்கு வந்துவிடுகிறது; பேட்டரியின் உள்ளே போய்ச் சேர நேரமாகும். பெட்டியின் அடிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் சார்ஜ் வேண்டாம். பவர் பேங்கை எந்தக் காரணத்துக்காகவும் பூட்டிய காரில் விடாதீர்கள். அங்கே பிரச்சினை பேட்டரியின் ஆயுள் அல்ல, தீ. பேட்டரி மூடி சற்றே எழும்பியிருந்தாலோ, பெட்டியின் இணைப்பில் முன்பு இல்லாத இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜும் போடக் கூடாது. மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பென்சில் பேட்டரியில் ஓடும் கருவி என்றால் வேலை எளிது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கழற்றாமல் விட்டால் சூட்டில் அல்கலைன் பேட்டரி கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்றுப் பட்டதும் தொடுமுனைகளில் வெள்ளைப் பொருக்காகப் படியும். பொருக்கின் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சை வைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர விட்டு, அதன் பின்தான் புதுப் பேட்டரி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காரம் தோலை அரிக்கும்.

திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரவப் படிகத் திரை அதிகச் சூட்டில் கறுத்துப்போகும். பயந்துவிட வேண்டாம், நிழலில் ஆற விட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். ஆனால் அடிக்கடி அப்படியானால் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் கெட்டு, ஓரத்தில் மஞ்சள் பாயும். டேஷ்போர்டு மேல் மட்டும் வைக்கவே கூடாது.

காயிலைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பெரும்பாலான தேடும் தட்டுகளுக்குள் இரண்டு சுற்றுகள் இருக்கும். ஒன்று அலையை அனுப்புவது, மற்றது திரும்பி வருவதைக் கேட்பது. முதலாவது அனுப்புவது இரண்டாவதின் காதில் நேரடியாக விழாதபடி இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று சற்றே விலக்கி, நூல் பிடித்ததுபோல வைத்து எபாக்சி ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அந்த விலகல் மயிரிழை மாறினாலும் கருவி உளறத் தொடங்கும். சாதாரண அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சி வகைகள் 50, 60 டிகிரியைத் தாண்டும்போது விறைப்பை இழக்கத் தொடங்குகின்றன. என் மேசையில் கட்டிய காயிலை உலர்த்தும்போது இதை நகத்தால் அழுத்தியே உணர முடியும்: ஆறியதும் கல்லாக இருப்பது, சூட்டில் நகத்தின் தடத்தை வாங்கிக்கொள்ளும். கறுப்பு நிறத் தட்டு பின்கண்ணாடி வழியாக நேர் வெயிலை வாங்கினால் அந்தச் சூட்டை எட்டுவது எளிது. அந்த நேரத்தில் தட்டின் மேல் மண்வாரியும் மண்வெட்டியும் அழுந்திக் கிடந்தால் கேடு நிச்சயம்.

ஆகவே காயிலைக் காரில் விடுவதென்றால் சில காரியங்களைத் தவறாமல் செய்யுங்கள். வெள்ளைத் துண்டில் சுற்றுங்கள். தட்டையான இடத்தில், மேலே எந்தக் கனமும் இல்லாமல் படுக்க வையுங்கள். முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் தரைதான் சிறந்த இடம். கண்ணாடி வெயில் படாத டிக்கி அடுத்தது. தட்டைத் தண்டோடு இணைக்கும் பிளாஸ்டிக் திருகை அரைச் சுற்று தளர்த்துங்கள். இறுகிய நிலையில் சூடானால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் நசுங்கி அப்படியே நின்றுவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் தட்டு தலையாட்டும். தண்டின் பூட்டுகளையும் அப்படியே தளர்த்தி விடுங்கள். வயரைத் தண்டில் இறுக்கிச் சுற்றாதீர்கள். சூட்டில் மடங்கிய இடத்திலேயே அது படிந்துவிடும். அதிலும் தட்டுக்குள் நுழையும் இடத்தில் மடிப்பு விழுந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய இழைகள் நாளடைவில் அறுந்துபோகும்.

காரில் ஏற்றுவதற்கு முன் உப்பைப் போக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வெறும் சூட்டில் தண்டு கெடாது. உப்போடு சேர்ந்த சூட்டில்தான் கெடும். கடல் உப்பு இரவில் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசகசக்கும். பகலில் காருக்குள் காய்ந்து பொரியும். இந்த ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி நடக்க நடக்கத் திருகு, ஹெட்போன் துளை, சார்ஜ் முனை என எல்லாவற்றிலும் பச்சைக் களிம்பு ஏறும். ஐந்து லிட்டர் கேனில் நல்ல தண்ணீர் எப்போதும் காரில் இருக்கட்டும். தண்ணீர் புகாத தட்டு என்றால் ஊற்றிக் கழுவுங்கள். புகும் வகை என்றால் ஈரத்துணியால் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் துணியை அலசித் துடையுங்கள். தண்டின் அடிப்பகுதியை உருவி, குழாய்க்குள்ளும் தண்ணீர் விடுங்கள்.

தட்டின் அடியில் மாட்டும் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மறக்காதீர்கள். தாழங்குடா பக்கம் தேடிவிட்டு வந்து உறையைக் கழற்றினால், விளிம்பைச் சுற்றி மைக்கோடு போட்டதுபோல் கருமணல் வரிசையாக ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் சாதாரண மணலைவிடக் கனமாகத் தெரியும். காந்தத்தைக் காட்டினால் கொஞ்சம் எழுந்து ஒட்டும். இரும்புச் சத்துள்ள அந்த மணலை அப்படியே விட்டால், அடுத்த முறை தட்டு தன் உறைக்குள் இருப்பதையே கண்டுபிடித்துக் கத்திக்கொண்டிருக்கும். அதோடு உறைக்குள் அடைபட்ட உப்பு ஈரம் காரின் சூட்டில் வேகும்.

சில கருவிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தண்டிலிருந்து எளிதாகக் கழற்ற முடியாது. அல்லது கையோடு எடுத்துப் போக முடியாத இடத்துக்கு, மருத்துவமனைக்கோ திருமண மண்டபத்துக்கோ, நீங்கள் போக வேண்டியிருக்கும். அப்போதைக்கு நான் பரிந்துரைப்பது முதுநகர் மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் தெர்மோகோல் பெட்டி. மீன் வைக்காத புதுப் பெட்டியாக வாங்குங்கள். வாடை போகவே போகாது. கருவியின் மேற்பகுதியைப் பருத்தித் துண்டில் சுற்றி உள்ளே வையுங்கள். பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி இரண்டு, வீட்டுப் பானைத் தண்ணீர் அளவு குளிர்ச்சியில், வெளியே துடைத்து வையுங்கள். தண்ணீர் மெதுவாகச் சூடேறுவதால் பெட்டிக்குள் சில மணி நேரம் சூடு தணிந்தே இருக்கும். மூடியின் மேல் வெள்ளைத் துணி போட்டு, சீட்டுக்கு அடியிலோ தரையிலோ வையுங்கள். காலையில் கார் குளிர்ந்திருக்கும்போதே பெட்டியை மூடிவிட வேண்டும். சூடான காரில் திறந்து வைத்துவிட்டு மூடினால் பெட்டி அந்தச் சூட்டையே காத்து வைத்திருக்கும்.

ஐஸ் மட்டும் வேண்டாம். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த கருவியை வெளியே எடுத்த மறுகணம் மேலெல்லாம் நீர் பூக்கும். திரைக் கண்ணாடியின் உட்புறத்திலும் பூக்கும். ஏசியை முழு வேகத்தில் வைத்து வந்து, காரை நிறுத்தியவுடன் கருவியை எடுத்தாலும் இதே நிலைதான். கடற்கரைக்கு ஐந்தாறு நிமிடம் முன்பே ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைப்பது நல்லது. நிறம் மாறும் வகை என்றால் எப்போது மாற்றுவது என்று பார்த்தாலே தெரியும்.

ஹெட்போனின் காதுப் பஞ்சு சூட்டில் செதில் செதிலாக உரியும். அதைப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எப்படியோ கருவி சூடாகிவிட்டது, அந்த நேரம் பார்த்து ஒருவர் அழைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். திடீர்க் குளிர்ச்சி எபாக்சியில் விரிசல் விடும். நிழலில், காற்றுப் படும்படி இருபது முப்பது நிமிடம் வையுங்கள். அந்த நேரத்தில் மோதிரம் விழுந்த இடத்தை விசாரித்துக் குச்சி நட்டு எல்லை கட்டலாம். அதுவும் தேடலில் பாதி வேலை. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். முப்பது டிகிரி சூடேறினால் 12 சதவீதம். கருவிகள் இதை ஓரளவு தாமே சரிசெய்துகொண்டாலும், ஆறிக்கொண்டிருக்கும்போது எண்கள் நிலைகொள்ளாது. ஆறிய பிறகுதான் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் தன்மைக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்வது, செய்ய வேண்டும். கால் மணி கழித்து இன்னொரு முறையும் செய்யுங்கள். ஈர மணலுக்குப் போனால் மறுபடியும்.

கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பொன்னிறத்து 5 ரூபாய் நாணயம் போதும். அது நிக்கல் கலந்த பித்தளை. தெளிவான எண் காட்டும். 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்களில் இப்போது புழங்குபவை பெரும்பாலும் காந்தம் பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகு. கருவி அவற்றை இரும்பென்று குழப்பும். அவற்றை வைத்துச் சோதிக்காதீர்கள். கோடை தொடங்கும் முன் வீட்டு வாசலில் நாணயத்தை ஒரு சாண் உயரத்தில் காட்டி, வரும் எண்ணைக் கைப்பிடியில் எழுதி ஒட்டி வையுங்கள். சூட்டுக்குப் பிறகு அதே உயரத்தில் அதே எண் வந்தால் நிம்மதி. எண் அலைந்தால் தட்டை விரலால் மெல்லத் தட்டுங்கள். வயரை நுனியில் அசையுங்கள். தட்டும்போது சத்தம் வந்தால் உள்ளே சுற்று அசைகிறது. அசைக்கும்போது வந்தால் வயர். முதலாவதற்குப் புதுக் காயில்தான் வழி. பிரித்து மறுபடி கட்டித் தரச் சொல்லிச் சிலர் என்னிடம் வருகிறார்கள். மோட்டார் காயிலை என்னால் கட்ட முடியும்; இந்தச் சமநிலையை மேசை மேல் பிடிக்க முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

காரில் வைப்பதில் வெயில் தவிர இன்னொரு விஷயமும் இருக்கிறது. டிடெக்டர் வெளியே தெரியும்படி கிடந்தால் திருட்டுக்கு அழைப்பு. புதுச்சேரி எல்லையைக் கடந்து வரும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னால், காவலர் இது என்ன என்று கேட்பது இயல்பு. நிதானமாகச் சொல்லுங்கள், வாங்கிய ரசீதின் நகலைப் பையிலேயே வைத்திருங்கள். அரிக்கமேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத் தொடர்பை எடுத்துக் காட்டிய மண் அது. அங்கே போகிற நாளில் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. எங்கேயாவது தற்செயலாகப் பழம்பொருள் அகப்பட்டாலும், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நாம் தேடுவது நேற்று தொலைந்ததை, தொலைத்தவர் கூட நிற்கும்போது.

மே மாதம் முழுவதும் அழைப்பே வராமலும் போகலாம். அப்படி ஓய்வில் கிடக்கும் கருவியைக் காரிலிருந்து முழுவதுமாக வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். பாதி சார்ஜ், கழுவி உலர்த்திய தட்டு, தளர்த்திய பூட்டுகள். வைக்கும் இடம் சமையலறைப் பரணோ ஓட்டுக்கு அடியில் இருக்கும் பரணோ வேண்டாம், அங்கேயும் கொதிக்கும். கட்டிலுக்கு அடி போதும். மாதம் ஒரு முறை எடுத்து சார்ஜ் அளவைப் பாருங்கள். 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றி வையுங்கள்.